வவுனியா வீட்டிலிருந்து முல்லைத்தீவு வீட்டுக்கு: விடுமுறைக்கு வந்தவர்கள் வீடு மாறும் நாள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஆடி, ஆவணி வந்தால் கனடா, லண்டன், பாரிஸ், சுவிஸ் என்று எல்லாப் பக்கத்தாலும் ஆட்கள் வன்னிக்கு வந்து இறங்குகிறார்கள். ஆறு எட்டுக் கிழமை நிற்பவர்கள் ஒரே வீட்டில் தங்குவது குறைவு. முதல் பாதி அம்மா பக்கத்துச் சொந்தத்தோடு அண்டி வவுனியாவில், மிச்சம் அப்பாவின் ஊருக்குக் கிட்ட முல்லைத்தீவில் என்று இரண்டு வாடகை வீடு எடுப்பார்கள். பெரியவர்களுக்கு இது ஊர். கூட வரும் பிள்ளைகளுக்கு வெளிநாடு. ஒரு வீட்டைப் பூட்டி மற்ற வீட்டைத் திறக்கும் அந்த ஒரு நாளைப் பற்றி எல்லாரும் ஒரே கேள்விகளையே கேட்பதால் அவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன. கிளிநொச்சிக்கோ மன்னாருக்கோ மாறுபவர்களுக்குப் பாதை மட்டும்தான் வேறு, மற்றதெல்லாம் இதே கதைதான்.

வவுனியாவில இருந்து முல்லைத்தீவு எவ்வளவு தூரம்? எத்தனை மணித்தியாலம் பிடிக்கும்?

மாங்குளம் ஊடாகப் போனால் ஏறத்தாழ 90 கிலோமீற்றர். ஏ9 வீதியில் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் தாண்டி மாங்குளம் சந்தி வரைக்கும் ஒரு பாதி. அங்கே வலப்பக்கம் திரும்பி ஏ34 வீதியில் ஒட்டுசுட்டான், முள்ளியவளை, தண்ணீரூற்று என்று மற்றப் பாதி. நிற்காமல் ஓடினால் இரண்டு மணித்தியாலம். பிள்ளைகளோடு என்றால் இரண்டரை என்று கணக்கு வையுங்கள். ஊர்மனைக்குள் மணிக்கு 50, வெளியில் 70 கிலோமீற்றர்தான் சட்டப்படியான வேகம். ஏ9இல் பொலிஸார் வேகம் அளக்கும் கருவியோடு நிற்பது வழமை, ஆகவே சாரதியை அவசரப்படுத்திப் பலனில்லை.

ஆனால் நாள் கெட்டுப்போவது வீதியில் இல்லை. போய் இறங்கிய வீட்டில் தண்ணீர் வராவிட்டால்தான் கெட்டுப்போகும். கீழே வரும் பதில்களில் தண்ணீர்க் கதை அடிக்கடி வருவதற்குக் காரணம் அதுதான்.

நெடுங்கேணிப் பாதை கிட்ட எண்டு சொல்லுகினம். அதால போகலாமோ?

போகலாம். புளியங்குளத்தில் ஏ9ஐ விட்டு வலப்பக்கம் இறங்கி நெடுங்கேணி ஊடாகப் போவது தூரத்தில் குறைவு. பகலில், பாரமில்லாத வாகனத்தில், பாதை தெரிந்த சாரதியோடு என்றால் நல்ல பாதை. ஆனால் இரு பக்கமும் காடு, இடையில் கடைகள் ஐதாக இருக்கும், ரயர் காற்றுப் போனால் உதவிக்கு ஆள் வர நேரமாகும்.

பொழுதுபட்ட பிறகு அந்தப் பக்கம் வேண்டாம். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்தில் யானை வீதிக்கு வரும். யானை நின்றால் ஹோன் அடிக்காமல், பெரிய லைற்றைப் போடாமல், தூரத்திலேயே நிறுத்தி அது கடக்கும் வரைக்கும் பொறுக்க வேண்டும். படம் எடுக்க ஒருவரும் கீழே இறங்கக் கூடாது.

வன்னிக்குள்ள போக இன்னும் பாஸ் எடுக்கவேணுமோ? எங்களிட்டை வெளிநாட்டுப் பாஸ்போட்தான் இருக்கு.

தேவையில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் வடக்கே போக அனுமதி எடுக்கவேண்டும் என்று 2014 ஒக்டோபரில் திரும்பவும் கொண்டுவந்த கட்டுப்பாடு 2015 ஜனவரியில் நீக்கப்பட்டது. ஓமந்தைச் சோதனைச் சாவடியும் அதே ஆண்டில் எடுபட்டது. நீண்ட காலம் வராமல் இருந்த அம்மம்மாக்கள்தான் இதை அதிகம் கேட்பார்கள், அவர்கள் பயப்படுவதில் பிழையில்லை.

கடவுச்சீட்டின் படப்பக்கத்தையும் வீசாப் பக்கத்தையும் இரண்டு பிரதி எடுத்து வைத்திருங்கள். வீட்டுக்காரர் ஒன்று கேட்பார், மற்றது கையில் இருக்கட்டும். அசலைப் பெட்டிக்குள் போட்டுச் சாமான் வாகனத்தில் அனுப்பாதீர்கள்.

எத்தனை மணிக்கு வெளிக்கிட்டா நல்லம்?

விடிய 7 மணிக்கு. சாமான் ஏற்ற ஒரு மணித்தியாலம் பிடிக்கும் என்பதால் 6 மணிக்கு வாகனம் படலையில் நிற்கவேண்டும். 10 மணிக்கு முன்னம் முல்லைத்தீவில் இறங்கினால், ஏதாவது பழுது என்றாலும் கடை திறந்திருக்கும், மோட்டர் திருத்துகிறவரைப் பிடிக்கலாம், வெளிச்சம் இருக்கும். மத்தியானம் வெளிக்கிட்டு நாலு மணிக்குப் போய் நிற்பவர்கள்தான் இரவில் வாளியோடு பக்கத்து வீட்டுக் கிணற்றடிக்குப் போகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமையும் போயா (பௌர்ணமி விடுமுறை) நாளும் வேண்டாம். இரும்புக் கடையும் மின்சாமான் கடையும் பூட்டியிருந்தால் ஐம்பது ரூபாய்ச் சாமானுக்கு அடுத்த நாள் வரைக்கும் இருக்கவேண்டி வரும். ஓகஸ்ட் 15 மடுத்திருவிழாவை ஒட்டிய நாட்களிலும், நல்லூர்த் திருவிழாவின் தேர், தீர்த்த நாட்களிலும் வான் கிடைப்பது கடினம், கிடைத்தாலும் வாடகை கூட. அந்தத் திகதிகளில் மாறத்தான் வேண்டும் என்றால் இரண்டு கிழமைக்கு முன்னமே வாகனத்தைப் பேசி முற்பணம் கொடுத்துவிடுங்கள்.

ராகுகாலம் பார்க்கவேணுமோ?

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பார்த்துத்தான் ஆகவேண்டும், பிறகு ஒரு ஃபான் வேலை செய்யாவிட்டாலும் அதற்குக் காரணம் நீங்கள் வெளிக்கிட்ட நேரம்தான் ஆகும். திங்கள் 7.30 முதல் 9 வரை, சனி 9 முதல் 10.30 வரை, வெள்ளி 10.30 முதல் 12 வரை ராகுகாலம். மற்ற நாட்களில் அது மத்தியானத்துக்குத் தள்ளிப்போகிறது. மேலே சொன்ன 7 மணி எந்த நாளிலும் தப்பிவிடும்.

நாங்கள் அஞ்சு பேர், எட்டுப் பெரிய பெட்டி. ஒரு வான் காணுமோ?

உயரக் கூரை ஹையேஸ் வான் என்றால் காணும், ஆனால் பின் இருக்கை வரிசையை மடிக்கவோ கழற்றவோ ஏலுமா என்று முதலே கேளுங்கள். விமானத்துக்கு 23 கிலோ கணக்கில் கட்டிய எட்டுப் பெட்டி என்றால் 180 கிலோவுக்கு மேல். வந்த பிறகு வாங்கிய ஃபான், பாய், வாளி, அம்மம்மா தந்த மிளகாய்த்தூள், அரிசிமா எல்லாம் அதற்கு மேலே. ஆட்களையும் இதையும் ஒரு வானுக்குள் அடைத்தால் பிள்ளைகளின் காலடியில் பெட்டி வரும், சடுதியாக பிறேக் பிடித்தால் மேலே அடுக்கியது தலையில் விழும்.

நாங்கள் சொல்வது, சாமானுக்கு ஒரு டிமோ பட்டா (சின்ன லொறி), ஆட்களுக்கு ஒரு சின்ன வான். பட்டாவுக்குத் தறப்பாள் போட்டுக் கயிறு கட்டச் சொல்லுங்கள், கோடையில் மழைக்காக இல்லை, புழுதிக்காக. உங்களில் ஒருவர் பட்டாவின் முன் இருக்கையில் போனால் இரண்டு வாகனமும் பிரிந்து நிற்கும் பிரச்சினை வராது. வாடகை பேசும்போது திரும்பி வரும் வெறும் ஓட்டம், ஏற்றி இறக்கும் கூலி, காத்திருக்கும் நேரம் மூன்றும் அதற்குள் அடங்குமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். சண்டை வருவதெல்லாம் இந்த மூன்றில்தான்.

வாகனத்தை வாடகைக்கு எடுத்து நாங்களே ஓடலாமோ?

வெளிநாட்டு லைசன்ஸை மட்டும் காட்டி ஓட முடியாது, இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதியும் வேண்டும். வீடு மாறும் நாளில் சாரதியோடு எடுப்பதே லாபம். பெட்டி தூக்க ஒரு கையும் கூடும்.

முறிகண்டியில தேங்காய் உடைச்சிட்டுத்தானே போகவேணும்?

முறிகண்டிப் பிள்ளையார் மாங்குளத்துக்கு வடக்கே, கிளிநொச்சிப் பக்கம். மாங்குளத்தில் முல்லைத்தீவுக்குத் திரும்புபவர்களுக்கு அவர் பாதையில் வரமாட்டார். கிளிநொச்சிக்கு மாறுபவர்கள் தாராளமாக நிறுத்தலாம், கச்சானும் வாங்கலாம்.

அவரைக் கும்பிட்டுத்தான் போவோம் என்றால் முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று போய் ஏ35 வீதியால் விசுவமடு, புதுக்குடியிருப்பு ஊடாக முல்லைத்தீவுக்கு இறங்கலாம். சுமார் 40 கிலோமீற்றர் கூடும், வட்டுவாகல் பாலத்தையும் கடக்க வேண்டும் (அதைப் பற்றிக் கீழே மார்கழி லீவுக் கேள்வியில் இருக்கிறது). ஆட்கள் இருக்கும் வான் அந்தப் பாதையால் வரட்டும், சாமான் பட்டா நேர்ப்பாதையால் போகட்டும். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் இருக்கிறார் என்பதையும் பெரியவர்களுக்கு நினைவூட்டலாம், அவர் நேர்ப்பாதையிலேயே வருவார்.

பெட்டிகளை எப்பிடிக் கட்டுறது? போய் இறங்கினா ஒண்டும் கண்டுபிடிக்க ஏலாமல் கிடக்கு.

எல்லாவற்றையும் ஒழுங்காகக் கட்ட முயலாதீர்கள். முதல் இரவுப் பை என்று ஒன்றை மட்டும் ஒழுங்காகக் கட்டுங்கள், மிச்சப் பெட்டிகள் எப்படிக் கிடந்தாலும் பரவாயில்லை. அந்தப் பை பட்டாவில் ஏறக்கூடாது, உங்களோடு வானில் வரவேண்டும்.

அதற்குள் இருக்கவேண்டியவை: ஆளுக்கொரு படுக்கை விரிப்பு, ஆளுக்கொரு மாற்றுடுப்பு, நுளம்பு வலை, அதைக் கட்ட நாலு முழ நூல்கயிறும் நாலு ஆணியும், ரோச் லைற் இரண்டு, நெருப்புப்பெட்டி, நுளம்புத்திரி, சவுக்காரம், துவாய், பிளேன்ரீக்குத் தேயிலையும் சீனியும், ஒரு சின்னக் கேத்தில், பிஸ்கற், 5 லீற்றர் குடிதண்ணீர்ப் போத்தல் இரண்டு, மருந்துகள், ஒரு ஸ்குறூ டிறைவர். பழைய வீடுகளில் வட்ட ஊசிச் சொக்கற்றும் புதிய வீடுகளில் சதுர ஊசி 13 அம்பியர் சொக்கற்றும் இருக்கும். ஆகவே இரண்டுக்கும் பொருந்தும் மாற்றி ஒன்றும் நீளவயரும் அதே பையில். வாளியும் கோப்பையும் பைக்குள் அடங்காது, வாளிக்குள்ளேயே மிச்சச் சில்லறைகளைப் போட்டுக் கொண்டுவாருங்கள்.

முதல் வீட்டை விடேக்கை என்னென்ன பார்க்கவேணும்?

வீட்டுக்காரரை முதல்நாள் பின்னேரமே வரச் சொல்லுங்கள். விடியப்புறம் ஏற்றி இறக்குகிற அமளியில் கணக்குத் தீர்த்தால் இரு பக்கமும் எதையாவது விடும். அறை அறையாக ஒரு வீடியோ எடுங்கள், மின்மானியின் இலக்கம் தெளிவாகத் தெரிய ஒரு படம் எடுங்கள். ஃபிரிட்ஜை முதல்நாள் இரவே நிறுத்தி, கதவைத் திறந்து, துடைத்து விடுங்கள். காலையில் நிறுத்தினால் ஐஸ் உருகி நிலமெல்லாம் தண்ணீர்.

போகும்போது கடைசியாக மோட்டர் சுவிச், தாங்கியிலிருந்து வரும் குழாய், கேஸ் வால்வ், பின் யன்னல், இந்த ஒழுங்கில் பாருங்கள். திறப்பை யாரிடம் கொடுத்தீர்கள் என்பதை ஒரு குறுஞ்செய்தியாக வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

கரண்ட் பில் இன்னும் வரேல்லை, எவ்வளவு கழிக்கிறது? வீட்டுக்காரர் சொல்லுற கணக்கு கூடத் தெரியுது.

இதில் வீட்டுக்காரர் ஏமாற்றுகிறார் என்று உடனே நினைக்கவேண்டாம். வீட்டு மின்கட்டணம் படிநிலைக் கணக்கு. பாவனை ஒரு எல்லையைத் தாண்டினால் ஒரு அலகின் விலையே ஏறும். அவர் தனியாக இருந்தபோது குறைந்த படியில் நின்ற வீடு, நீங்கள் ஏசி போட்டவுடன் உயர்ந்த படிக்குப் போகிறது. 9000 பீரீயூ சாதாரண ஏசி ஒன்று மணித்தியாலத்துக்கு முக்கால் முதல் ஒரு அலகு வரை இழுக்கும். இரவு எட்டு மணித்தியாலம் ஓடினால் 6 முதல் 8 அலகு, இரண்டு அறை என்றால் அதன் இரட்டிப்பு.

சண்டையில்லாத வழி, வந்த அன்றே அலகுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைப் பேசி எழுதிக்கொள்வது. வந்த நாள் படம், போகும் நாள் படம், கழித்தால் அலகு, பெருக்கினால் காசு. அடுத்த வீட்டிலும் முதல் நாளே இதைச் செய்யுங்கள்.

கேஸ் சிலிண்டரில பாதி மிச்சம். கொண்டு போகலாமோ?

விட்டுவிட்டுப் போங்கள். 12.5 கிலோ சிலிண்டர் வெறுமையாகவே பாரம், ஆட்கள் இருக்கும் வானுக்குள் அதை ஏற்றவே கூடாது. புது வீட்டில் இருப்பது லிற்றோவா லாஃப்ஸா என்று முதலே கேளுங்கள். ஒன்றின் வெறும் சிலிண்டரைக் கொடுத்தால் மற்றதைப் பெரும்பாலும் தரமாட்டார்கள். பட்டாவில் கொண்டுதான் போவோம் என்றால் வால்வை இறுக்கி, மூடி போட்டு, நிமிர்த்தி, ஓரத்தில் கட்டுங்கள். படுக்கப் போடக் கூடாது.

வழியில சாப்பாடு, கக்கூஸ் எல்லாம் எப்பிடி?

பால் விட்ட கறி கட்டவேண்டாம், ஆடி வெயிலில் வானுக்குள் மத்தியானத்துக்கு முன்னமே புளித்துவிடும். புட்டும் பொரிச்ச மீனும், இல்லாவிட்டால் இடியப்பமும் கட்டிச் சம்பலும் என்றால் தாங்கும். மத்தியானத்துக்கும் சேர்த்துக் கட்டுங்கள். புது வீட்டில் முதல் நேரச் சமையல் என்ற எண்ணமே வேண்டாம்.

மாங்குளம் சந்தியில் ஒரு நிறுத்தம் வையுங்கள், சாப்பாட்டுக் கடைகள் உண்டு, கேட்டால் மலசலகூடத் திறப்புத் தருவார்கள். அவசரம் என்று வீதியோரப் பற்றைக்குள் பிள்ளைகளை இறக்காதீர்கள். வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை இருக்கும் இடம் தெரிந்த ஆபத்து. பலகை இல்லாத இடத்திலும் தார் வீதியையும் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையையும் விட்டு விலகாமல் இருப்பதே நல்லம்.

அம்மாவுக்கு இன்சுலின். ஐஸ் பெட்டிக்குள்ள வைக்கலாம்தானே?

ஐஸோடு முட்ட வைக்கக் கூடாது. இன்சுலின் உறைந்தால் பழுது, பிறகு இளகினாலும் எறியத்தான் வேண்டும். சின்ன ரெஜிபோம் பெட்டியில் அடியில் ஐஸ் பைக்கற், மேலே மடித்த துவாய், அதற்கு மேலே இன்சுலின். திறக்காதது 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்கவேண்டும். பாவனையில் இருக்கும் ஊசி அறை வெப்பத்தில் இருக்கலாம், ஆனால் வெயிலில் நிறுத்திய வானுக்குள் இருக்கும் சூடு அறை வெப்பமில்லை. சாப்பிட இறங்கும்போது பெட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். போய்ச் சேரும் நேரம் கரண்ட் இல்லாவிட்டால், ஒரு மண்சட்டியில் தண்ணீர் விட்டு, இன்சுலினைப் பொலித்தீன் பையில் சுற்றி ஒரு கோப்பைக்குள் போட்டு அதில் நிறுத்தி, ஈரத்துணியால் மூடி நிழலில் வைத்தால் அன்றைய நாள் சமாளிக்கும்.

புது வீட்டுக்குப் போனவுடன முதல் செய்யவேண்டிய வேலை என்ன?

பெட்டியை இறக்காதீர்கள். மோட்டரைப் போட்டுத் தாங்கியில் தண்ணீர் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அப்படியே நிரம்ப விடுங்கள். 1000 லீற்றர்த் தாங்கி நிரம்ப அரை மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் வரை ஆகும். மத்தியானம் கரண்ட் போனாலும் இரவு வரைக்கும் அது காணும். ஆனால் முதல் வாளித் தண்ணீரைக் குளிக்க எடுக்காதீர்கள். கிழமைக்கணக்கில் மூடிக்கிடந்த தாங்கியின் அடியில் சேறும் பாசியும் நிற்கும், அடிக்குழாயைத் திறந்து கலங்கல் போகும் வரைக்கும் விட்டுவிட்டு நிரப்புங்கள்.

அடுத்தது எல்லா லைற், ஃபான், சொக்கற். அடுத்தது மலசலகூடத்தில் இரண்டு வாளி ஊற்றித் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்ப்பது. இந்த மூன்றும் சரி என்றால் மட்டும் பட்டாக்காரருக்குக் காசைக் கொடுத்து அனுப்புங்கள்.

மோட்டர் சத்தம் போடுது, தண்ணி மட்டும் வருகுதில்லை. பழுதோ?

பெரும்பாலும் பழுதில்லை, காற்று நிற்கிறது. கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் ஃபூற் வால்வ் என்று ஒன்று இருக்கும், ஏறிய தண்ணீரைத் திரும்பி இறங்காமல் பிடிப்பது அதன் வேலை. அது கொஞ்சம் கசிந்தால்கூட, ஒரு மாதம் பூட்டிக்கிடந்த வீட்டில் குழாய் வெறுமையாகிவிடும். வெறும் குழாயில் மோட்டர் காற்றைத்தான் சுற்றும். அப்படியே ஓடவிட்டால் சூடேறி உள்ளே சீல் எரியும், பிறகு உண்மையாகவே பழுது.

உடனே நிறுத்துங்கள், பிரதான சுவிச்சையும் நிறுத்துங்கள். மோட்டரின் தலையில் ஒரு மூடியாணி இருக்கும், அதைக் கழற்றி ஒரு செம்பால் தண்ணீர் ஊற்றுங்கள். நாலைந்து செம்பு குடிக்கும், இடையிடையே குமிழி வரும், வாயால் வழியும் வரைக்கும் விடாமல் ஊற்றுங்கள். மூடியை இறுக்கி, கையைத் துடைத்துவிட்டு சுவிச்சைப் போடுங்கள். ஒரு நிமிடத்தில் ஏறாவிட்டால் நிறுத்தித் திரும்ப ஊற்றுங்கள். மூன்று தரம் செய்தும் ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் ஃபூற் வால்வில் குப்பை, அதைத் தூக்கிக் கழுவ ஆள் வேண்டும்.

இன்னொரு காரணம் ஆவணியில் மட்டும் வரும். மேலே வைத்த மோட்டர் ஏறத்தாழ 25 அடி ஆழத்துக்குக் கீழே இருக்கும் தண்ணீரை உறிஞ்சாது. தையில் நன்றாக ஓடிய மோட்டர், கிணறு வற்றியபிறகு எவ்வளவு ஊற்றினாலும் ஏறாது. ரோச் அடித்துக் கிணற்றைப் பாருங்கள். தண்ணீர் ஆழத்தில் என்றால் மோட்டரைக் கிணற்றுக்குள் தட்டில் இறக்கவேண்டும், அது வீட்டுக்காரரின் பொறுப்பு. இதனால்தான் முற்பணம் கொடுக்க முன்னம் "இப்ப கிணற்றில எத்தனை முழம் தண்ணி?" என்று கேட்கச் சொல்கிறோம்.

ட்ரிப் சுவிச் திரும்பத் திரும்ப விழுகுது.

கீழே இருக்கும் சின்ன சுவிச்சுகள் எல்லாவற்றையும் இறக்குங்கள். ட்ரிப் சுவிச்சைத் தூக்குங்கள், பிறகு சின்னவற்றை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்த வயரில்தான் கசிவு. அதை மட்டும் இறக்கிவிட்டு மிச்சத்தைப் பாவிக்கலாம். பூட்டிக்கிடந்த வீடுகளில் வெளி விறாந்தை லைற்றுக்குள் ஈரம், கேத்தில், சுடுதண்ணீர்ப் பெட்டி, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ட்ரிப்பைத் துணியாலோ குச்சியாலோ கட்டித் தூக்கி நிறுத்துபவர்கள் உண்டு. உயிரோடு விளையாடுவது அது.

கனடாவில இருந்து கொண்டுவந்த ரைஸ் குக்கரைப் போடலாமோ?

அடியில் ஒட்டியிருக்கும் எழுத்தைப் பாருங்கள். 100–240 வோல்ட் என்றால் போடலாம், போன், மடிக்கணினி சார்ஜர்கள் அப்படித்தான். 120 வோல்ட் மட்டும் என்றால் இங்கத்தைய 230 வோல்ட்டில் புகைதான் வரும். ஊசி மாற்றி வோல்ட்டை மாற்றாது. லண்டன், ஐரோப்பியச் சாமான்களுக்குப் பிரச்சினை இல்லை.

கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடிக்கலாம்தானே?

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், கல்லும் உப்பும் போகாது. வன்னியில் பல இடத்தில் தண்ணீர் வன்மையானது, கேத்திலின் அடியில் இரண்டு நாளில் வெள்ளையாகப் படிவது அதுதான் (தேசிக்காய்ச் சாறு விட்டு ஊறவைத்தால் கழரும்). முல்லைத்தீவில் கடலுக்குக் கிட்டிய கிணறுகள் கோடையில் உவர்க்கும். குளிக்க, கழுவக் கிணற்றுத் தண்ணீர். குடிக்க, சமைக்க வடிகட்டிய தண்ணீர். சுத்திகரித்து விற்கும் இடங்கள் இப்போது சின்ன ஊர்களிலும் உண்டு, 20 லீற்றர்க் கானோடு போனால் நிரப்பலாம். ஐந்து பேருக்குச் சமையலோடு ஒரு நாளைக்கு ஒரு கான் போகும். பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணீரையும் கொதிக்க வைத்தே கொடுங்கள்.

பூட்டிக் கிடந்த வீடு, பாம்பு பூச்சி இருக்குமோ?

இருக்கலாம். பிள்ளைகளை வளவில் விட்டுவிட்டுப் பெரியவர் ஒருவர் கதவு யன்னல் எல்லாம் திறந்து, கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குப் பின்னால், குளியலறை மூலையில் தும்புத்தடியால் தட்டிப் பாருங்கள். விரிப்பை உதறிப் போடுங்கள், சப்பாத்தை உதறிப் போடுங்கள். முதல் இரவு நிலத்தில் பாய் போட்டுப் படுக்க வேண்டாம். பாம்பு கடித்தால் கட்டுப்போடாமல், வெட்டாமல், கடித்த காலை அசைக்காமல் 1990க்கு அடியுங்கள், இலவச அம்புலன்ஸ். எல்லா மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் விசமுறிவு மருந்து உண்டு.

நுளம்புதான் பாம்பைவிடப் பெரிய தொல்லை. மலேரியா இல்லை, 2016இல் உலக சுகாதார நிறுவனமே இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. டெங்கு இருக்கிறது, அது கடிப்பது பகலில். ஃபிரிட்ஜின் பின்தட்டு, பூச்சாடித் தட்டு, வளவில் கிடக்கும் சிரட்டை, பழைய ரயர், தாங்கியின் உடைந்த மூடி எல்லாவற்றையும் வந்த அன்றே பாருங்கள்.

ஒரு மாதத்து வீட்டுக்கும் பால் காய்ச்சவேணுமோ?

காய்ச்சுபவர்கள் காய்ச்சுகிறார்கள், சிலர் உப்பும் மஞ்சளும் அரிசியும் கொண்டுபோய் வைத்து விளக்கேற்றுவதோடு சரி. எங்கள் பக்கத்து நியாயம் வேறு. பால் பொங்க வைக்க முன்னம் கேஸ் குழாயின் பூட்டுகளில் சவுக்கார நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. விளக்கும் அதற்குப் பிறகுதான்.

மார்கழி லீவுக்கு வாறம். அப்பவும் இதே மாதிரித்தானோ?

இல்லை. ஐப்பசியிலிருந்து தை வரை மழைக்காலம், கார்த்திகையில் கடுமை. மோட்டர் பிரச்சினை குறையும், கிணறு நிரம்பிக் கலங்கி நிற்கும், ஆகவே குளோரின் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். சாமானுக்கு மூடிய லொறி வேண்டும். ஏ35ஆல் வருபவர்கள் வட்டுவாகல் பாலத்தை முதல்நாள் விசாரிக்கவேண்டும். நந்திக்கடல் கடலோடு சேரும் வாயில் உள்ள பழைய ஒடுங்கிய பாலம் அது. புதுப் பாலத்துக்கான வேலை 2025 செப்டெம்பரில்தான் தொடங்கியது. வெள்ள நாட்களில் அந்தப் பக்கம் மூடப்பட்டால் மாங்குளம் சுற்றித்தான் வரவேண்டும், முதல் பதிலில் சொன்ன பாதை.

வீசா 30 நாள்தானே, வீடு மாறேக்கை பிரச்சினை வருமோ?

வீடு மாறுவதால் வராது, நாள் எண்ண மறப்பதால் வரும். இரண்டாவது வீட்டுக்குப் போகும்போதே மூன்றாவது நாலாவது கிழமை ஆகியிருக்கும். நீடிப்பு விண்ணப்பத்தை இணையத்தில் போடலாம், ஆகவே வவுனியாவில் நல்ல இணையம் இருக்கும்போதே போட்டுவிட்டு மாறுங்கள். புது வீட்டில் எந்த சிம் இழுக்கும் என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், எல்லாம் இழுக்கும் என்பார். பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

போய்ப் பார்த்தா படத்தில காட்டின வீடு இல்லை. அப்ப என்ன செய்யிறது?

இதற்கு ஒரே மருந்து முதல் வீட்டை இன்னும் ஒரு இரவு கையில் வைத்திருப்பது. ஒரு இரவு வாடகை நட்டம் போலத் தெரியும், ஆனால் தண்ணீரில்லாத வீட்டில் ஐந்து பேரோடு நின்று விடுதி தேடும் செலவை விடக் குறைவு. திரும்ப இடமிருந்தால் வீட்டுக்காரரோடு கதைக்கும் குரலும் வேறாக இருக்கும். ஏலுமானால் முதல்நாள் உங்கள் உறவினர் ஒருவரைப் புது வீட்டுக்கு அனுப்பி, மேலே சொன்ன மூன்றையும், அதாவது தண்ணீர், கரண்ட், மலசலகூடம், பார்க்கச் செய்து, வீடியோ அழைப்பில் தாங்கியில் தண்ணீர் விழுவதைக் காட்டச் சொல்லுங்கள். முழு முற்பணத்தையும் வெளிநாட்டில் இருந்தபடியே அனுப்பாதீர்கள், பாதி காணும்.

வந்து சேர்ந்தாச்சு. பழைய வீட்டுத் திறப்பு என்ரை பொக்கற்றுக்குள்ள கிடக்கு!

கிழமைக்கு ஒருவர் கேட்கும் கேள்வி. வான் எடுத்துத் திரும்பிப் போகவேண்டாம். திறப்பைக் கடித உறைக்குள் போட்டு, ஒரு அட்டைத் துண்டோடு சேர்த்து ஒட்டி, வீட்டுக்காரரின் பெயரும் போன் இலக்கமும் பெரிதாக எழுதி, முல்லைத்தீவு பஸ் நிலையத்தில் வவுனியா பஸ் நடத்துனரிடம் கொடுங்கள், கையில் சின்னத் தொகையும் கொடுங்கள். பஸ் இலக்கத் தகட்டைப் படம் எடுத்து, வெளிக்கிட்ட நேரத்தோடு வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். மூன்று மணித்தியாலத்தில் அவர் நிலையத்தில் நின்று வாங்கிக்கொள்வார்.